மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவும் தடுப்பூசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை என்று சொன்னதும் பலரும் கேட்பது இந்தக் கேள்விகளைத்தான். நோயாளியின் உறவினர், நர்சிங் மாணவர்கள், சில சமயம் டாக்டர்களும் இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஆன்டிபயாடிக்கையே எதிர்த்து நிற்கிற கிருமியை ஒரு தடுப்பூசி மட்டும் என்ன செய்துவிடும்?

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஆன்டிபயாடிக் ஒரு வேதிப்பொருள். பாக்டீரியாவின் ஏதோ ஒரு இயக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துகிறது. அதற்குக் கட்டுப்படாத பாக்டீரியா, மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கும். இல்லையென்றால் உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடும். அல்லது மருந்து ஒட்டுகிற இடத்தின் வடிவம் மாறிப்போயிருக்கும். தடுப்பூசியோ கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமியின் மேற்புறம் எப்படி இருக்கும் என்று நம் உடலுக்கு முன்கூட்டியே காட்டி வைக்கிறது. மருந்தை உடைக்கும் நொதி எத்தனை இருந்தாலும் அந்த மேற்புறம் அப்படியேதான் இருக்கும்.

இதை ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத டைபாய்டு கிருமியை அகார் தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைத்து, 35 டிகிரி சூட்டில் இரவு முழுக்க விடுவோம். மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி வெற்று வட்டம் விழும். இந்தக் கிருமிக்கு ஆம்பிசிலின், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரையாக்சோன் என்று வில்லைக்கு வில்லை விளிம்பு வரை வளர்ச்சி மூடியிருக்கும். அதே தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் உப்புநீரோடு கலந்து, அந்தக் கிருமிக்கான ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்) உள்ள ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டு ஆட்டினால், ஒரு நிமிடத்துக்குள் பால் திரிந்த மாதிரி துகள்துகளாகத் திரளும். செஃப்ட்ரையாக்சோனால் ஒன்றும் செய்ய முடியாத அதே கிருமியை ஆன்டிபாடி பிடித்துக்கொண்டுவிட்டது.

இது அவ்வளவு பெரிய பிரச்சினையா, இல்லை பத்திரிகைகள் பயமுறுத்துகின்றனவா?

பெரிய பிரச்சினைதான். 2021இல் உலகம் முழுக்க சுமார் 11.4 லட்சம் மரணங்களுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணம் என்றும், அப்படிப்பட்ட தொற்று இருந்த நிலையில் இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் பேர் என்றும் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இவை மதிப்பீடுகள், ஒவ்வொரு மரணத்தையும் எண்ணிப் போட்ட கணக்கு அல்ல. ஆனாலும் வார்டில் கடைசி மருந்தும் பலிக்காமல் போவதைப் பார்க்கிற யாருக்கும் இந்த எண்கள் மிகையாகத் தோன்றாது.

ஏற்கனவே நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவருக்கு இந்த ஊசியைப் போட்டால் குணமாகுமா?

ஆகாது. தடுப்பூசி போட்ட பிறகு உடல் போதுமான ஆன்டிபாடியை உருவாக்க இரண்டு வாரமாவது ஆகும். இரத்தத்தில் கிருமி பரவியவருக்கு மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அவருக்கு வேண்டியது வேலை செய்கிற ஆன்டிபயாடிக்தான்.

தயாராகச் செய்த ஆன்டிபாடியையே ஊசியாகப் போடுவது தனி வழி. உடல் அதை உருவாக்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் விலை அதிகம், சில மாதங்களில் கரைந்துபோகும். ஊர் முழுக்கப் போடும் திட்டத்துக்கு அது சரிவராது.

இதெல்லாம் இனிமேல்தான் வரப் போகிறதா, ஏற்கனவே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. மருந்து எதிர்ப்பில் முக்கியமான பாக்டீரியாக்களில் நான்குக்கு இன்று தடுப்பூசி உண்டு: நிமோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுவென்சா பி), டைபாய்டு, காசநோய். இதில் காசநோய் ஊசியின் நிலை வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

நிமோகாக்கஸ் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் நம்பிக்கையே அதிலிருந்துதான் வருகிறது. நிமோனியா, மூளைக்காய்ச்சல், காதுச்சீழ் மூன்றுக்கும் காரணமான கிருமி அது. அதில் சுமார் 100 வகைகள் உண்டு. 2000இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 7 வகைகளைத் தடுக்கும் ஊசி வந்தது. பென்சிலினுக்குக் கட்டுப்படாதவற்றில் பெரும்பகுதி அந்த 7 வகைகளுக்குள்தான் இருந்தது. 1999இல் ஒரு லட்சம் பேருக்கு 6.3 ஆக இருந்த பென்சிலினுக்குக் கட்டுப்படாத கடும் தொற்று, 2004இல் 2.7 ஆகக் குறைந்தது. ஊசி போடும் வயதில் இருந்த இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம் சரிவு இன்னும் அதிகம்.

என்னை மிகவும் கவர்ந்த விஷயம், ஊசியே போடாத 65 வயதைத் தாண்டியவர்களிடமும் அந்தத் தொற்று ஏறக்குறைய பாதியானது. கிருமி பெரும்பாலும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும்தான் குடியிருக்கும். அங்கேயே அது இடம்பிடிக்காமல் போனதால் தாத்தா பாட்டிக்குப் போய்ச் சேரவில்லை.

டைபாய்டுக்குத்தான் மாத்திரை இருக்கிறதே, ஊசி எதற்கு?

மாத்திரை இருந்தது, ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனது. 2016 இறுதியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத் நகரில், ஒரு டைபாய்டு வகை பரவத் தொடங்கியது. ஆம்பிசிலின், குளோராம்பெனிக்கால், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின், செஃப்ட்ரையாக்சோன் எதுவும் அதனிடம் பலிக்கவில்லை. வாய்வழி மருந்து என்று மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றுதான். அதற்கு மேல் போனால் நரம்பில் ஏற்றும் கார்பபெனம் வகை மருந்துகள். காய்ச்சலோடு வரும் ஒவ்வொரு குழந்தையையும் படுக்கையில் போட்டு கார்பபெனம் ஏற்றுவது எந்த ஏழைக் குடும்பத்தாலும் முடியாத காரியம்.

அங்கே புதிய வகை டைபாய்டு தடுப்பூசியை முதலில் அவசரத் தேவைக்குப் போட்டார்கள். அப்புறம் 2019 நவம்பரில் பாகிஸ்தான் அதை வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலேயே சேர்த்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். ஹைதராபாத் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கட்டுப்படாத அந்த வகைக்கு எதிராக ஊசியின் பலன் 97 சதவீதம் என்று தெரிந்தது. ஐந்து வகை மருந்து தோற்ற கிருமி இது.

வைரஸ் தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஃப்ளூ, ரோட்டா வைரஸ் இரண்டுக்கும் ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. ஆனாலும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நோயே வராவிட்டால் அந்தச் சீட்டும் இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம், ஆன்டிபயாடிக் கொடுக்கப்படும் நோய் ஆண்டுக்கு 2.38 கோடி தடவை வராமல் நிமோகாக்கஸ் ஊசியும், 1.36 கோடி தடவை வராமல் ரோட்டா ஊசியும் தடுக்கின்றன என்று 2020இல் ஒரு கணக்கு வந்தது. நம் உடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்களும் அத்தனை தடவை மருந்தைச் சந்திக்காமல் தப்பித்தன என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். மருந்துக்குப் பழகும் வாய்ப்பே அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

கொரோனா ஊசியை ஒரே வருஷத்தில் செய்தார்களே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை வருஷம்?

மூன்று காரணங்கள். முதலாவது, குறி வைக்க வேண்டிய இடம். கொரோனா வைரஸிடம் இருப்பது முப்பதுக்கும் குறைவான புரதங்கள். அதில் எதைக் குறிவைப்பது என்பது பழைய சார்ஸ் ஆராய்ச்சியிலிருந்தே தெரிந்திருந்தது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாவிடம் நான்காயிரம், ஐந்தாயிரம் மரபணுக்கள் இருக்கின்றன. எந்தப் புரதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, எது எல்லா வகையிலும் ஒரே மாதிரி இருக்கிறது, எதைப் பிடித்தால் கிருமி நிஜமாகவே செத்துப்போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பல பாக்டீரியாக்கள் நம் உடலிலேயே காலங்காலமாகக் குடியிருப்பவை. நம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு அவற்றைத் தெரியும், பழகியும் விட்டது. புதிதாக ஒரு எச்சரிக்கையை அதற்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமில்லை.

மூன்றாவது, பரிசோதனை. கொரோனா பரவிய வேகத்தில், சில மாதங்களிலேயே ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட முடிந்தது. மருத்துவமனைத் தொற்று அப்படி எல்லோருக்கும் வருவதில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லவும் முடியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும். என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் பெரிய தடை. இதைப் பற்றி வெளியே பேசுவதும் குறைவு.

'கான்ஜுகேட் தடுப்பூசி' என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, அது என்ன?

நிமோகாக்கஸ், ஹிப், டைபாய்டு மூன்றுக்கும் மேலே சர்க்கரைச் சங்கிலியால் ஆன ஓர் உறை உண்டு. அந்தச் சர்க்கரையை மட்டும் எடுத்து ஊசியாகப் போட்டால் பெரியவர்களிடம் ஓரளவு பலிக்கும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் ஏறக்குறைய பலிக்காது, நினைவும் தங்காது. காரணம், நோய் எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி செல்களுக்குச் சர்க்கரை தெரியாது, புரதம்தான் தெரியும்.

அதனால் சர்க்கரைச் சங்கிலியை ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைக்கிறார்கள். பெரும்பாலும் டெட்டனஸ் அல்லது டிஃப்தீரியா நச்சிலிருந்து தீங்கு நீக்கிய புரதம். டி செல்கள் புரதத்தைப் பார்த்து விழிக்கும்போது, சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடியும் கூடவே வலுவாக உருவாகிறது, நினைவும் தங்குகிறது. இந்த ஒரு யோசனை காப்பாற்றிய குழந்தைகளின் எண்ணிக்கைக்கு இணையாக மருத்துவத்தில் அதிகம் காட்ட முடியாது.

எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு ஏன் இன்னும் ஊசி இல்லை? எத்தனை வருஷமாகச் சொல்கிறார்கள்!

எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெத்திசிலின் குடும்ப மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். முயற்சிக்குக் குறைவே இல்லை. நிமோகாக்கஸ் வழியிலேயே உறைச் சர்க்கரையைக் குறிவைத்த ஊசி, டயாலிசிஸ் நோயாளிகளிடம் 2005இல் தோற்றது. இரும்பைக் கவரும் ஒரு புரதத்தைக் குறிவைத்த ஊசியை, இதய, மார்பு அறுவைக்குப் போகிற சுமார் 8,000 பேரிடம் சோதித்து 2011இல் நிறுத்தினார்கள். பிறகு நான்கு பாகங்களைச் சேர்த்துச் செய்த ஊசி, முதுகெலும்பு அறுவை நோயாளிகளிடம் பலன் தராததால் 2018 டிசம்பரில் நின்றது.

இதில் 2011 ஆய்வு எல்லோரையும் உலுக்கியது. ஊசி போட்டும் ஸ்டாஃப் தொற்று வந்தவர்களிடம் இறப்பு, ஊசி போடாமல் தொற்று வந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. பலன் இல்லை என்பதைத் தாண்டி, ஆபத்தும் இருக்கக்கூடும் என்று தெரிந்த இடம் அது. இந்தத் துறையில் எச்சரிக்கை கூடியது அதற்குப் பிறகுதான். சரியாகவே கூடியது.

ஏன் தோற்றன? சோதனைக்கூட எலிகளிடம் எல்லாமே நன்றாகத்தான் வேலை செய்தன. ஆனால் ஸ்டாஃப் மனிதனுக்கென்றே பழகிய கிருமி. அதன் சில நச்சுகள் மனித வெள்ளணுக்களை மட்டுமே குறிபார்த்துக் கொல்லும், எலியைப் பெரிதாகத் தொடாது. தவிர, பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் இதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். குழந்தையிலிருந்தே பழகிப்போன உடல், ஊசி போட்டதும் பழைய பலனற்ற ஆன்டிபாடிகளையே திரும்ப உற்பத்தி செய்கிறது என்று எலிகளிடம் நடந்த பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் இப்போது நச்சுகளைக் குறிவைப்பது, டி செல்களை எழுப்புவது என்று பாதை மாறியிருக்கிறது.

ஐ.சி.யூ.வில் வரும் கிருமிகளுக்கு யாருக்குப் போய் ஊசி போடுவீர்கள்?

கேட்டவர் ஒரு ஐ.சி.யூ. செவிலியர். சரியான இடத்தில் கை வைத்தார். அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ் போன்றவை பெரும்பாலும் ஏற்கனவே நலிந்தவரைத் தாக்குகின்றன. விபத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அன்றைக்கு ஊசி போட்டுப் பயனில்லை என்று மேலேயே பார்த்தோம். சூடோமோனாஸுக்கான ஓர் ஊசியை வென்டிலேட்டரில் இருந்தவர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள். ஆன்டிபாடி உருவானது, இறப்பு குறையவில்லை. திட்டமிட்ட அறுவைக்குச் சில வாரம் முன்பு போடலாம், அடிக்கடி மருத்துவமனைக்கு வருகிற முதியவர்களுக்குப் போடலாம் என்ற யோசனைகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமே இந்த இரண்டு கிருமிகளையும் தடுப்பூசி கிடைக்கும் வாய்ப்பு குறைந்த பட்டியலில்தான் வைத்திருக்கிறது.

கிளெப்சியெல்லா விஷயம் வேறு. அது முதியவர்களைத் தாக்குவதோடு, பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகளின் இரத்தத்தில் தொற்றை உண்டாக்கும் முக்கியக் கிருமிகளில் ஒன்று. பிறந்த குழந்தைக்குப் போட்டு ஆன்டிபாடி வருவதற்குள் ஆபத்துக் காலமே கடந்துவிடும். ஆகவே கர்ப்பத்தின் பிற்பகுதியில் தாய்க்குப் போடுவது. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். டெட்டனஸ் ஊசி இப்படித்தான் காக்கிறது. 2023இல் அனுமதி பெற்ற, குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கான ஊசியும் இதே வழிதான்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கிளெப்சியெல்லாவின் வெளி உறையில் 77 வகைகளைப் பழைய முறையிலேயே பிரித்துவிட்டார்கள். மரபணு வழியாகப் பார்த்தால் அதற்கும் மேல். உறைக்கு அடியில் இருக்கும் ஓ-சர்க்கரையில் வகைகள் மிகக் குறைவு. ஆனால் தடித்த உறை அதை மூடிக்கொண்டிருப்பதால் ஆன்டிபாடி போய்ச் சேருமா என்ற கேள்வி. இன்று இந்த ஊசிக்காக உழைப்பவர்களின் விவாதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இது ஜெயிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பச்சிளங்குழந்தையின் இரத்தக் கல்சரில் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எந்த மருந்தும் பலிக்காத கிளெப்சியெல்லா வளர்ந்து, அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதைப்போல் கனமான வேலை எனக்கு வேறில்லை.

மருந்துக்குப் பழகின கிருமி ஊசிக்கும் பழகிவிடாதா?

ஆன்டிபயாடிக் அளவுக்குப் பழகுவதில்லை. இரண்டு காரணம். மருந்து தரும் நேரத்தில் உடலில் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும் கிருமிகளில் ஒன்றிரண்டு தற்செயலாக மாறியிருந்தாலும் அவை மிஞ்சிப் பெருகும். தடுப்பூசி போட்டவரிடம் நுழைவது கொஞ்சம் கிருமிகள்தான், அந்தத் தற்செயலுக்கு வாய்ப்புக் குறைவு. அடுத்து, மருந்துக்கு ஒரு குறி. நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளோ ஒரே சமயத்தில் பல இடங்களைப் பிடிக்கும். டிஃப்தீரியா, டெட்டனஸ் ஊசிகள் 1920களில் உருவானவை. இன்றும் அதே அடிப்படையில் பலிக்கின்றன.

ஆனால் பழகவே பழகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிமோகாக்கஸ் ஊசியில் சேர்க்காத 19ஏ என்ற வகை, மற்ற வகைகள் ஒதுங்கிய இடத்தில் பரவியது. அதில் பல, மருந்துக்கும் கட்டுப்படாதவை. 2010இல் 13 வகைகளுக்கான ஊசியில் 19ஏ-வையும் சேர்த்த பிறகு அது இறங்கியது. கக்குவான் கிருமியில், ஊசியில் இருக்கும் பெர்டாக்டின் என்ற புரதத்தையே உருவாக்காத வகைகள் பல நாடுகளில் பரவியிருக்கின்றன. ஊசியைப் போட்டதோடு வேலை முடிவதில்லை. எந்த வகை சுற்றுகிறது என்று ஆய்வகங்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் இது கொன்றுவிடாதா?

ஆன்டிபயாடிக்தான் கண்ணில் பட்டதையெல்லாம் கொல்லும். தடுப்பூசி குறிப்பிட்ட கிருமியின் குறிப்பிட்ட பகுதியைத்தான் காட்டுகிறது. ஈ.கோலை போல நல்லதும் கெட்டதும் ஒரே இனத்தில் இருக்கும்போது, நோய் உண்டாக்கும் வகைகளிடம் மட்டும் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூளைக்காய்ச்சல் ஊசி போட்டால் மேகவெட்டை வராது என்கிறார்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மை. கொனோரியா எனப்படும் மேகவெட்டையின் கிருமியும், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸும் நெருங்கிய உறவு. நியூசிலாந்தில் 2004 முதல் மெனிங்கோகாக்கஸ் பி வகைக்கு ஊசி போட்டார்கள். பின்னால் பதிவேடுகளைப் பார்த்தபோது, போட்டவர்களிடம் மேகவெட்டை சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2017இல் வெளியிட்டார்கள். மேகவெட்டைக்கான மருந்துகள் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவதே பெரிய விஷயம். இப்போதிருக்கும் மெனிங்கோகாக்கஸ் பி ஊசியை, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மேகவெட்டைத் தடுப்பாகவே 2025 ஆகஸ்டில் இங்கிலாந்து தரத் தொடங்கியது. எல்லா ஆய்வும் ஒரே பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஊசி பிறந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. பி வகையின் உறைச் சர்க்கரை நம் உடலிலேயே இருக்கும் ஒன்றைப் போன்றது, அதனால் கான்ஜுகேட் வழி அடைபட்டது. இத்தாலிய விஞ்ஞானி ரினோ ராப்புவோலியின் குழுவினர் கிருமியின் முழு மரபணு வரிசையை 2000இல் படித்து, கணினியில் சுமார் 600 புரதங்களைத் தேர்ந்தெடுத்து, அதில் ஏறக்குறைய 350ஐ உருவாக்கிச் சோதித்துச் சிலவற்றைப் பிடித்தார்கள். 2013இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. கிருமியை வளர்த்துத் தேடுவதற்குப் பதில் மரபணுவிலிருந்து தொடங்கும் வழி அங்கேதான் நிலைபெற்றது.

பி.சி.ஜி. தழும்பு கையில் இருக்கிறதே, அப்புறம் காசநோய்க்குப் புது ஊசி எதற்கு?

பி.சி.ஜி.யை மனிதருக்கு முதன்முதலாகக் கொடுத்தது 1921இல். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயை, குறிப்பாக மூளைக்காய்ச்சல் வகையை, நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை நம்பகமாகத் தடுப்பதில்லை. நோயைப் பரப்புவது அந்த நுரையீரல் காசநோய்தான். 2023இல் சுமார் 4 லட்சம் பேருக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்திருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

எம்72 என்ற ஊசி, கிருமி உடலில் உறங்கிக்கொண்டிருந்த பெரியவர்களிடம், நோய் எழுவதைச் சுமார் 50 சதவீதம் தடுத்தது. 2024 மார்ச்சில் பெரிய அளவிலான கடைசிக்கட்டச் சோதனை தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. சுமார் 20,000 பேர் என்பது திட்டம்.

ஆரோக்கியமானவருக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுத்துச் சோதிக்கிறார்களாமே, இது நியாயமா?

நடக்கிறது, கட்டுப்பாட்டோடு நடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தன்னார்வலர்களுக்கு டைபாய்டு ஊசி போட்டு, பிறகு கிருமி கலந்த திரவத்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் கிருமியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தினமும் கண்காணித்து, நோய் தெரிந்ததும் சிகிச்சை. 2017இல் வந்த முடிவின்படி ஊசி சுமார் 55 சதவீதம் தடுத்தது. நிஜ வாழ்க்கையில் டைபாய்டு என்று அடையாளம் காணும் விதத்தில், காய்ச்சலும் அதன் பின் இரத்தக் கல்சரும் என்று கணக்கிட்டால் 87 சதவீதம். பிறகு நேபாளத்தில் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் சுமார் 82 சதவீதம் வந்தது.

பல ஆயிரம் குழந்தைகளை வருஷக்கணக்கில் தொடர்வதற்கு முன், நூற்றுச் சொச்சம் பேரிடம் பதில் தெரிந்துவிடுகிறது. சிகிச்சை உறுதியாக உள்ள நோய்க்கு மட்டும், முழுச் சம்மதத்தோடு என்றால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது. கார்பபெனத்துக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லாவை யாருக்கும் இப்படிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

கோழிக்கும் மீனுக்கும் கொட்டுகிற ஆன்டிபயாடிக்கை விட்டுவிட்டு மனிதனைப் பற்றியே பேசினால் எப்படி?

சரியான கேள்வி. நார்வேயின் சால்மன் மீன் பண்ணைகள் 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக்கைப் பயன்படுத்தின. ஒவ்வொரு குஞ்சு மீனுக்கும் எண்ணெய் கலந்த தடுப்பூசி போடத் தொடங்கிய பிறகு, 1990களின் நடுவிலேயே அது ஒரு டன் அளவுக்கு இறங்கியது. 1987இலிருந்து இன்றுவரை மீன் உற்பத்தி இருபது மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. ஊசியோடு பண்ணைச் சுகாதாரமும் கடுமையான விதிகளும் சேர்ந்துதான் இது நடந்தது.

இத்தனை தோல்விகளுக்குப் பிறகு கம்பெனிகள் ஏன் இதில் பணம் போட வேண்டும்?

போடத் தயங்குகின்றன என்பதுதான் நிலவரம். இரத்தத்தில் பரவும் ஈ.கோலைக்கு எதிரான ஊசி, 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த கடைசிக்கட்டச் சோதனையில் பலன் போதாமல் 2025 பிப்ரவரியில் நின்றது. இந்த நிலைக்கு வந்த பிறகு தோற்றால் போவது பத்துப் பதினைந்து வருஷ உழைப்பு. அதிகம் பாதிக்கப்படுவது ஏழை நாடுகளின் குழந்தைகள். விலை கொடுக்கும் சந்தை அங்கே இல்லை. அதனால்தான் கார்ப்-எக்ஸ் போன்ற பொது நிதி அமைப்புகளும், ஏழை நாடுகளுக்காக வாங்குவதற்கு உறுதி தரும் காவி (Gavi) என்ற தடுப்பூசிக் கூட்டணியும் தேவைப்படுகின்றன.

தோல்வி என்றால் எல்லாமே வீண் என்றும் இல்லை. கடும் வயிற்றுப்போக்கு தரும் குடல் கிருமியான குளோஸ்ட்ரிடியம் டிஃபிசிலுக்கான ஊசி 2022இல் தன் முக்கிய இலக்கைத் தொடவில்லை: தொற்று வருவதைத் தடுக்கவில்லை. ஆனால் சிகிச்சை தேடிப் போகும் அளவுக்கு நோய் முற்றியவர்கள் எல்லோரும் ஊசி போடாத பக்கத்தில்தான் இருந்தார்கள். எதை அளப்பது என்று முன்கூட்டியே வேறு விதமாக முடிவு செய்திருந்தால் கதை மாறியிருக்கலாம்.

ஊசியால் மருந்து எதிர்ப்பு குறைந்தது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? வேறு காரணத்தால் குறைந்திருக்கலாமே?

இருக்கலாம். அதனால்தான் இரண்டு எண்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று மொத்தம் எத்தனை வந்தது. இன்னொன்று, வந்த தொற்றில் எத்தனை சதவீதம் கட்டுப்படாதவை. டைபாய்டு ஊசி எல்லா டைபாய்டையும் ஒரே மாதிரி குறைத்தால் மொத்தம் சரியும், சதவீதம் அசையாது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவர் ஊசி பலிக்கவில்லை என்பார். படுக்கையில் விழாமல் தப்பிய குழந்தைகள் அந்தச் சதவீதத்தில் வரவே மாட்டார்கள்.

ஆன்டிபயாடிக் விற்பனை, மழை, குடிநீர், பரவும் கிருமியின் இயல்பான ஏற்ற இறக்கம் எல்லாமே இந்த எண்களை ஆட்டும். ஆகவே ஊசி போட்ட பகுதியையும் போடாத பகுதியையும் ஒரே காலத்தில் ஒப்பிடுவது, ஊசியில் சேர்ந்த வகைகள் மட்டும் குறைந்தனவா என்று பார்ப்பது போன்ற வழிகளைக் கையாள்கிறார்கள். நிமோகாக்கஸில் சேர்த்த வகைகள் சரிந்து சேர்க்காத 19ஏ ஏறியதே, காரணம் ஊசிதான் என்பதற்கு வலுவான சாட்சி. புதிய ஆய்வுகளிலும் ஆன்டிபயாடிக் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைத் தொடக்கத்திலிருந்தே கணக்கில் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. 24 கிருமிகளுக்கான தடுப்பூசிகள் எல்லோருக்கும் கிடைத்தால் ஆன்டிபயாடிக் பயன்பாடு 22 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 250 கோடி நாள்-டோஸ்கள் (ஒருவர் ஒரு நாளில் எடுக்கும் வழக்கமான அளவு) குறையலாம் என்பது 2024இல் அது வெளியிட்ட கணக்கு. அந்த 24இல் பல ஊசிகள் இன்னும் இல்லை. இருக்கிற நிமோகாக்கஸ், ஹிப், டைபாய்டு ஊசிகளை எல்லோருக்கும் கொண்டுசேர்த்தாலே, மருந்து எதிர்ப்போடு சேர்ந்து நிகழும் மரணங்களில் ஆண்டுக்கு 1,06,000 வரை தவிர்க்கலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.